ஆளறிந்த மானேஜர்

கால்பந்தாட்டம் பார்க்கப் போகிற ஜனங்களுக்குக் கோலடிக்கிற ஆட்டக்காரன்மீது உள்ள பிரேமை மற்றப் பத்துப் பேர்மீதும் ஏற்படுவதில்லை. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்தவன் ஒருவன், அதை நடு மைதானம்வரை ஓட்டி வந்தவன் இன்னொருவன், ஓரத்திலிருந்து அளந்து தூக்கிக் கொடுத்தவன் மூன்றாமவன் என்றிருந்தாலும், கடைசியில் வலைக்குள் தள்ளுகிறவனுடைய பெயரைத்தான் கூட்டம் கோஷமிடுகிறது. மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருவதும் அந்தப் பெயர்தான். முன்னாளில் 'சென்டர் ஃபார்வர்டு' என்றும் இப்போது 'ஸ்ட்ரைக்கர்' என்றும் அழைக்கப்படுகிற அந்த ஆட்டக்காரனுடைய தொழில் சுபாவத்திலேயே சற்றுச் சுயநலம் கலந்தது. பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்கலாமா, நாமே அடித்துவிடலாமா என்ற கேள்வி எழுகிறபோது, நாமே அடிப்போம் என்று முடிவு செய்கிறவன்தான் அந்தத் தொழிலில் பேர் வாங்குகிறான். வாலிபத்தையெல்லாம் இப்படித் தன் கோலைப் பற்றியே சிந்தித்துக் கழித்த ஒருவன், காலம் மாறி, பிறரை ஆட்டுவிக்கிற ஸ்தானத்தில் அமர்ந்து அதிலும் பிரகாசிப்பதென்பது எல்லோருக்கும் கைகூடுவதல்ல. அது கைகூடிய சிலருள், இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் பிறந்த பிரையன் கிளஃப் என்பவருடைய சரித்திரம் மிகவும் ஸ்வாரஸ்யமானது.

ஆங்கிலக் கால்பந்தில் மானேஜர் என்றால் கணக்கு வழக்குப் பார்க்கும் உத்தியோகஸ்தர் என்று நம்மவர்கள் நினைத்துவிடக் கூடாது. களத்தில் இறங்க வேண்டிய பதினொருவர் யார், யார் எந்த இடத்தில் நிற்பது, எந்த ஆட்டக்காரனை விலை கொடுத்து வாங்குவது, எவனை விற்றுவிடுவது, இடைவேளையில் அவர்களைத் திட்டுவதா தட்டிக்கொடுப்பதா என்பனவெல்லாம் அவருடைய பொறுப்பு. கிளப்புக்குப் பணம் போட்ட டைரக்டர்கள் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அணி தொடர்ந்து தோற்றால் முதலில் அவரையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கிளப்புகள் பல டிவிஷன்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் மேல் டிவிஷனில் கடைசியாக வந்தவை கீழே இறங்குவதும், கீழ் டிவிஷனில் முதலாக வந்தவை மேலே ஏறுவதுமான ஏற்பாடு அங்கே உண்டாகையால், மானேஜருடைய சாமர்த்தியமும் அசட்டுத்தனமும் வருஷத்துக்கொரு முறை ஊரறிய அம்பலமாகிவிடும்.

கோல் கணக்கு

கிளஃப் 1935-ஆம் வருஷம் மார்ச் 21-ஆம் தேதி மிடில்ஸ்பரோ என்னும் தொழில் நகரத்தில், ஒன்பது குழந்தைகள் பிறந்த ஒரு குடும்பத்தில் ஆறாவது குழந்தையாகப் பிறந்தார். தகப்பனாருக்கு மிட்டாய்த் தொழிலில் வேலை. பையன் படிப்பில் சூட்டிகை இல்லை. பதினொரு வயதில் எல்லாப் பிள்ளைகளும் எழுத வேண்டியிருந்த பரீட்சையில் தேறாமல், 15 வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஐ.சி.ஐ. ரசாயனத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு கட்டாய ராணுவ சேவையை விமானப் படையில் முடித்துத் திரும்பி, சொந்த ஊர்க் கிளப்பில் இடம் பிடித்தார். அங்கே ஆரம்பத்தில் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. கீழ்நிலை அணிகளில் ஒதுக்கிவைத்திருந்தார்கள். இந்தப் பையனுக்குக் கோலடிக்கிற வித்தை பிறவியிலேயே வந்திருக்கிறது என்று கண்டுகொண்டு, கேட்பவர்களிடமும் கேளாதவர்களிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பீட்டர் டெய்லர் என்ற கோல்கீப்பர் ஒருவர்தாம். இந்தப் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கிளஃபின் கதையில் பாதி டெய்லருடைய கதையாகும்.

ஒருமுறை அணியில் நிலைபெற்ற பிறகு கிளஃப் அடித்த கோல்களை வரிசையாகச் சொன்னாலே போதும், விளக்கம் தேவைப்படாது. 1956-ல் தொடங்கிய பருவத்திலிருந்து ஐந்து பருவங்களில் லீக் ஆட்டங்களில் மாத்திரம் 38, 40, 43, 39, 34. மிடில்ஸ்பரோவுக்காக மொத்தம் 213 லீக் ஆட்டங்கள், 197 கோல்கள். 1961-ல் பக்கத்து ஊரான சண்டர்லண்டுக்கு மாறிப் போன பின்பும் அந்தக் கை தளரவில்லை; இரண்டு ஊர்களுக்குமாகச் சேர்த்து 274 ஆட்டங்களில் 251 கோல்கள் என்பது அவருடைய லீக் கணக்கு. பத்து ஆட்டத்துக்கு ஒன்பது கோல் என்ற இந்த விகிதத்தை நெருங்கியவர்கள் ஆங்கில லீக் சரித்திரத்திலேயே மிகச் சிலர்தாம். ஏறக்குறைய அத்தனை கோல்களும் இரண்டாம் டிவிஷனில் அடிக்கப்பட்டவை என்று குறை சொல்பவர்கள் உண்டு, அது உண்மையும்கூட. தேச அணியில் 1959 அக்டோபரில் வேல்ஸுக்கு எதிராகவும் ஸ்வீடனுக்கு எதிராகவும் இரண்டே முறை ஆடினார், கோல் விழவில்லை, மூன்றாவது அழைப்பு வரவே இல்லை.

நாவடக்கம் என்பது கிளஃபிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முன்னால் நின்று தாம் கோலாக அடித்துக் குவிக்க, பின்னால் நிற்பவர்கள் அத்தனையையும் விட்டுக்கொடுக்கிறார்களே என்று சகாக்களை முகத்துக்கு நேரே ஏசுவார். 1960 அக்டோபரில் சார்ல்டன் அணியுடன் நடந்த ஆட்டம் 6-6 என்று முடிந்தது. அதில் மூன்று கோல் அவருடையது. ஒரு மனிதன் மூன்று கோலடித்தும் அணி ஜெயிக்க முடியாவிட்டால் அவனுக்கு வயிறெரியாதா? தம் பக்கத்திலேயே சிலர் வேண்டுமென்று கோல் விடுகிறார்களோ என்றுகூட அவர் சந்தேகித்தார். அதற்கு முந்திய வருஷமே, கிளஃப் எங்களுக்குக் கேப்டனாக இருக்கக் கூடாது என்று சகாக்கள் பலர் கையெழுத்திட்டு மகஜர் கொடுத்திருந்தார்கள். தனியொருவனுடைய திறமை ஒரு கிளப்பை எதுவரை கொண்டுபோகும், எங்கே கொண்டுபோகாமல் நின்றுவிடும் என்னும் பாடத்தை அவர் கசப்போடு கற்றுக்கொண்ட இடம் மிடில்ஸ்பரோதான்.

முழங்கால் முறித்த வாழ்க்கை

1962 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சண்டர்லண்டின் ரோக்கர் பார்க் மைதானம் குளிரில் இறுகிக் கிடந்தது. பெரி அணிக்கு எதிரான ஆட்டம். முன்னே விழுந்த ஒரு பந்தை, கண்ணை அதிலிருந்து எடுக்காமல், கிளஃப் துரத்திக்கொண்டு போனார். அதே பந்துக்காக எதிரணிக் கோல்கீப்பரும் பாய்ந்து வந்தார். மோதிய வேகத்தில் கிளஃபின் வலது முழங்காலில், பக்கவாட்டுத் தசைநாரும் உள்ளே குறுக்காக ஓடும் சிலுவைத் தசைநாரும் அறுந்துபோயின. அந்தப் பருவத்தில் அதுவரை ஆடிய 24 லீக் ஆட்டங்களில் 24 கோல் அடித்திருந்தார், வயது 27. இன்று சிறு துவாரத்தின் வழியே கருவியைச் செலுத்திச் சரிசெய்து, ஒரு வருஷத்துக்குள் ஆட்டக்காரனை மறுபடி களத்தில் இறக்கிவிடுகிற ரண சிகிச்சை வந்திருக்கிறது. அந்நாளில் சிலுவைத் தசைநார் அறுந்தால் அந்தக் காலின் ஆட்டம் அத்தோடு முடிந்தது என்றே அர்த்தம். மாவுக்கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, மைதானத்துப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிப் பழகி, ஏறத்தாழ இரண்டு வருஷங்களுக்குப் பின் முதல் டிவிஷனில் மூன்றே ஆட்டம் ஆடி ஒரு கோலும் போட்டார்; அதற்குமேல் கால் இடங்கொடுக்கவில்லை.

வேலையற்றுக் குடிப்பழக்கத்தில் விழுந்துகொண்டிருந்த அவரை, சண்டர்லண்டின் மானேஜராக இருந்த ஜார்ஜ் ஹார்ட்விக், கிளப்பின் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுக்கும்படி அனுப்பினார். அங்கேதான் தம்மிடத்தில் வேறொரு வித்தையும் குடியிருப்பதைக் கிளஃப் கண்டார். பையன்களை மைதானத்தைச் சுற்றி வெறுமனே ஓடவிடுகிற வழக்கத்தை நிறுத்தி, பந்தைக் காலடியில் கொடுத்து ஆடச் சொன்னார். அவர் சொன்னால் பையன்கள் கேட்டார்கள். தாம் இழந்ததை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தவர் மற்றவர்களிடம் இருப்பதைத் தேட ஆரம்பித்தது அந்த நாட்களில்தான் என்று சொல்ல வேண்டும். ஆனால் ஹார்ட்விக் வேலையை விட்டு விலக நேர்ந்தபோது அவருடைய ஆளான கிளஃபும் வெளியேற வேண்டியதாயிற்று.

உரைகல்லும் சுத்தியலும்

1965 அக்டோபரில், 30-ஆம் வயதில், ஹார்ட்டில்பூல்ஸ் என்ற நலிந்த கிளப்பில் மானேஜர் வேலை கிடைத்தது. நான்காம் டிவிஷனின் அடிமட்டத்தில் வரும் கிளப்புகள், மறு வருஷமும் லீகில் இருக்க அனுமதி வேண்டும் என்று மற்றக் கிளப்புகளிடம் வோட்டுக் கேட்டு நிற்க வேண்டிய வழக்கம் அக்காலத்தில் இருந்தது. ஹார்ட்டில்பூல்ஸ் அப்படிப் பலமுறை கைநீட்டி நின்ற கிளப். கிளஃப் செய்த முதற்காரியம் டெய்லரைத் துணைக்கு அழைத்ததுதான். உதவி மானேஜர் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிற சக்தி கிளப்புக்கு இல்லாததால், அடிபட்டவர்களுக்குத் தண்ணீரும் ஸ்பஞ்சும் கொண்டு ஓடுகிற பயிற்சியாளர் என்ற பெயரில் டெய்லர் நியமிக்கப்பட்டார். மானேஜரோ, மதுக்கடை மதுக்கடையாகப் போய்த் தொழிலாளிகளிடம் நன்கொடை திரட்டினார். அணியின் பஸ்ஸைத் தாமே ஓட்டுவதற்கு லைசென்ஸும் எடுத்துக்கொண்டார். இரண்டாம் பருவத்தில் கிளப் எட்டாம் இடத்துக்கு ஏறியது.

டெய்லர் கோல்கீப்பராக இருந்தவர். ஆட்டம் முழுவதையும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது கோல்கீப்பர் உத்தியோகத்தின் விசேஷம். யார் ஓடுகிறான், யார் ஓடுவதுபோல் நடிக்கிறான் என்பது அவன் கண்ணுக்குத் தப்பாது. ஊர் ஊராகப் போய்ச் சின்னக் கிளப்புகளின் ஆட்டங்களைப் பார்த்து, மற்றவர்கள் கவனியாமல் விட்ட ஆளைப் பொறுக்கியெடுப்பது அவருக்கு வாய்த்த திறமை. பொன்னை உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்க்கிறவர் டெய்லர் என்றால், அதைச் சுத்தியலால் தட்டி நகையாக்குகிறவர் கிளஃப். ஒருவர் இல்லாமல் மற்றவருக்குக் கடை நடக்காது.

1967-ல் இருவரும் இரண்டாம் டிவிஷனில் தூங்கிக்கொண்டிருந்த டார்பி கவுண்டிக்குப் போனார்கள். அங்கே நடந்த இரண்டு சம்பவங்கள் அவர்களுடைய முறையை நன்கு காட்டும். ட்ரான்மியர் என்ற சிறு கிளப்பில் ராய் மெக்ஃபார்லண்டு என்ற 19 வயதுப் பின்களத்து ஆட்டக்காரனை டெய்லர் கண்டுவைத்திருந்தார். கிளப்புடன் பேசி முடித்த இரவே இருவரும் பையனுடைய வீட்டுக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்தவனைத் தட்டியெழுப்பி, இரவு உடுப்போடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவனிடம், அவன் யோசிக்க வேண்டும் என்று சொன்னதையும் பொருட்படுத்தாமல், விடாப்பிடியாக உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டே எழுந்தார்கள். அந்தப் பையன் பின்னாளில் இங்கிலாந்து தேச அணியில் ஆடினான்.

மற்றது இதற்கு நேர்மாறானது. டாட்டன்ஹாம் அணியில் புகழ்பெற்றிருந்த டேவ் மெக்கே, இரண்டு முறை கால் முறிந்து, 33 வயதாகி, சொந்த நாடான ஸ்காட்லாந்துக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். 1968-ல் கிளஃப் அவரிடம் நேரே போய், டார்பிக்கு வரச் சம்மதிக்க வைத்தார். விலை 5,000 பவுன்தான். மைதானம் முழுவதும் சூறாவளியாகச் சுற்றிவந்த அந்த ஆட்டக்காரரை இனி ஓடவேண்டாம் என்றும், பின்வரிசையில் மெக்ஃபார்லண்டின் பக்கத்தில் நின்றுகொண்டு இளைஞர்களை அதட்டி ஆட்டத்தை நடத்தினால் போதும் என்றும் கேட்டுக்கொண்டார். கால் போனாலும் மூளையும் அதிகாரமும் போகவில்லை என்று அவர் கண்டது மெய்யாயிற்று. அந்தப் பருவத்திலேயே டார்பி இரண்டாம் டிவிஷனில் முதலாவதாக வந்தது. மெக்கே அவ்வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். 1972-ல் டார்பி, தன் சரித்திரத்தில் முதல் தடவையாக, இங்கிலாந்தின் சாம்பியன் ஆயிற்று. போட்டியிட்ட லீட்ஸும் லிவர்பூலும் தங்கள் கடைசி ஆட்டங்களில் ஜெயிக்கத் தவறியதால் கிடைத்த அந்தச் செய்தி, பெற்றோருடன் சில்லித் தீவுகளில் விடுமுறையில் இருந்த கிளஃபைத் தேடிச் சென்றது.

நாற்பத்து நான்கு நாள்

வெற்றி வந்ததும் வாய் மேலும் நீண்டது. டெலிவிஷனில் தோன்றி மற்றக் கிளப்புகளையும், கால்பந்துச் சங்கத்தாரையும், தம்முடைய டைரக்டர்களையுமே அவர் வாரந்தோறும் விமரிசித்தார். தலைவர் சாம் லாங்சனுடன் மனஸ்தாபம் முற்றி, 1973 அக்டோபரில் கிளஃபும் டெய்லரும் ராஜிநாமாக் கடிதம் நீட்டியபோது, மிரட்டலுக்காக நீட்டிய கடிதத்தை டைரக்டர்கள் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள். ரசிகர்கள் கிளர்ச்சி செய்தும் ஆட்டக்காரர்கள் மன்றாடியும் பயனில்லை. தென்கரையிலுள்ள பிரைட்டனுக்குப் போன இருவரும் அங்கே சோபிக்கவில்லை.

இந்தச் சமயத்தில், 1974 ஜூலையில், யாரும் எதிர்பாராத அழைப்பு வந்தது. லீட்ஸ் யுனைடெட்டை நாட்டின் முதல் அணியாக உயர்த்திய டான் ரெவி, இங்கிலாந்து தேச அணியின் மானேஜராகப் போய்விட்டார். அவருடைய நாற்காலிக்கு, அந்த அணி முரட்டு ஆட்டமும் மோசடியும் செய்கிறதென்று பல வருஷமாகத் தூற்றிவந்த கிளஃபையே டைரக்டர்கள் அழைத்தார்கள். டெய்லர் கூட வர மறுத்துப் பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். தனியே போன கிளஃப், சாம்பியன்களாக நின்ற ஆட்டக்காரர்களை உட்காரவைத்து, நீங்கள் வாங்கிய மெடல்களெல்லாம் குறுக்கு வழியில் வந்தவை, அவற்றைக் குப்பையில் எறியுங்கள் என்ற பொருள்படப் பேசினார். காயங்களால் பல காலம் அவதிப்பட்ட எட்டி கிரே என்ற அருமையான விங்கரைப் பார்த்து, நீ குதிரையாயிருந்தால் எப்போதோ சுட்டுப் போட்டிருப்பார்கள் என்றாராம். உங்கள் ஆட்டத்தையும் காயம்தானே முடித்தது என்று கிரே திருப்பிக் கேட்டார். முழங்கால் போய்க் கண்ணீர் விட்ட ஒருவர், அதே துன்பத்தில் இருந்தவனிடம் இதைவிடக் கொடிய வார்த்தையைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றே ஒன்று வெற்றி. 44-ஆம் நாள், செப்டம்பர் 12-ல், வேலை போயிற்று. அன்று மாலையே டெலிவிஷன் நிலையத்தில் ரெவியையும் கிளஃபையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். அரைமணி நேரத்துக்கு இரு பகைவர்களின் வாதத்தை நாடே பார்த்தது. லீட்ஸில் கிளஃப் தோற்றது ஆட்ட ஞானம் குறைந்ததனால் அல்ல. ஆட்டக்காரனிடம் இருப்பதைக் கண்டு அதை வளர்ப்பது எவருடைய வித்தையோ, அவரே அங்கே போனதும், அவர்களிடம் இருந்ததையெல்லாம் இகழ்ந்து, இல்லாததை மாத்திரம் சுட்டிக்காட்டினார். எச்சரித்துத் தடுப்பதற்குப் பக்கத்தில் டெய்லரும் இல்லை.

நாட்டிங்ஹாமில் நடந்தது

1975 ஜனவரியில், இரண்டாம் டிவிஷனில் 13-ஆம் இடத்தில் கிடந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அவரை எடுத்துக்கொண்டது. 1976-ல் டெய்லரும் வந்து சேர்ந்தார். அடுத்த நான்கு வருஷங்களில் நடந்ததை ஒருவர் கற்பனையாக எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் நம்பத்தகாதது என்று திருப்பி அனுப்பியிருப்பார். 1977-ல் மூன்றாவதாக வந்து, மேலே ஏறும் கடைசி இடத்தைப் பிடித்தார்கள். 1978-ல், முதல் டிவிஷனில் கால் வைத்த முதல் வருஷத்திலேயே, லிவர்பூலை 7 பாயிண்ட் பின்தள்ளிச் சாம்பியன் ஆனார்கள். 1977 நவம்பர் முதல் 1978 நவம்பர்வரை தொடர்ந்து 42 லீக் ஆட்டங்களில் தோற்கவே இல்லை; ஒரு முழுப் பருவத்துக்குச் சமமான இந்த எண்ணிக்கையைத் தாண்ட, 2004-ல் ஆர்சனல் வரும்வரை எவராலும் இயலவில்லை.

இந்த அணியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தால் அதிசயம் இன்னும் அதிகமாகும். ஜான் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கிளஃப் வந்த சமயத்தில், விற்றுவிடலாம் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர். உடல் கனத்து, சிகரெட்டும் கையுமாக, வேகமில்லாமல் திரிந்தவர். வேகம் அவரிடம் வராது என்று கிளஃப் உணர்ந்தார். ஆனால் இரண்டு கால்களாலும் பந்தை நினைத்த இடத்தில் வைக்கிற சூட்சுமம் அவரிடத்தில் இருந்தது. இடது ஓரத்தில் நில், பந்து உன்னைத் தேடி வரும், அதை உள்ளே அனுப்புவது ஒன்றே உன் வேலை என்று வகுத்துக் கொடுத்தார். முரடன் என்று பெயரெடுத்திருந்த கென்னி பர்ன்ஸ், பர்மிங்ஹாமில் ஸ்ட்ரைக்கராக ஆடிவந்தவர். அவர் பணத்தை நாய்ப் பந்தயத்தில் தொலைக்கிறவரா என்று டெய்லர் பந்தய மைதானம்வரை பின்தொடர்ந்து போய்ப் பார்த்து, அப்படியொன்றுமில்லை என்று திருப்தியடைந்த பின்னரே வாங்கினார்களாம். வாங்கியதும் அவரைப் பின்வரிசையில் நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு! கேரி பர்ட்டில்ஸ் என்ற ஸ்ட்ரைக்கர் உள்ளூர்ச் சிறு கிளப்பிலிருந்து 2,000 பவுனுக்கு வந்தவர். டிரெவர் ஃபிரான்சிஸோ, பத்து லட்சம் பவுன் விலைபெற்ற முதல் பிரிட்டிஷ் ஆட்டக்காரர் என்று பேர் வாங்கியவர். இருவரும் ஒரே வரிசையில் ஆடினார்கள். கோல்கீப்பர் பீட்டர் ஷில்டனுக்கு 2,70,000 பவுன் கொடுத்ததைச் சிலர் ஊதாரித்தனம் என்றார்கள். ஆனால் 6-6 என்ற கணக்கை ஆயுளில் ஒருமுறை பார்த்துவிட்ட ஸ்ட்ரைக்கருக்கு, கோல்கீப்பருடைய விலையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பயிற்சி முறையில் ரகசியம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. கரும்பலகையில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு விளக்குவதில் கிளஃபுக்கு நம்பிக்கை கிடையாது. பந்து புல்லின்மேல் உருள வேண்டும், நம் நிறச் சட்டைக்காரனிடம் போக வேண்டும், ரெஃபரியிடம் ஒருவரும் வாதாடக் கூடாது. இவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம். ஆட்டக்காரர்களின் மனப் பதற்றமே பெரிய எதிரி என்பது அவருடைய அபிப்பிராயம். 1979 லீக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு, எல்லோரையும் ஹோட்டலில் ஓர் அறையில் கூட்டி, ஷாம்பேனும் பீரும் வரவழைத்து, நேரங்கழிந்தும் ஒருவரையும் போக விடவில்லை. சீக்கிரம் படுத்து எழுகிற வழக்கமுள்ள ஆர்ச்சி ஜெம்மில் தூங்கப் போகிறேன் என்று கெஞ்சியும் அனுமதி கிடைக்கவில்லை. மறுநாள் சௌதாம்ப்டனுக்கு எதிரான ஆட்டத்தின் முதற்பாதியில் அணி தள்ளாடி ஒரு கோல் பின்தங்கியது. இரண்டாம் பாதியில் சுதாரித்துக்கொண்டு 3-2 என்று ஜெயித்தது. இந்த உபாயத்தை மற்ற மானேஜர்கள் கையாண்டு பார்க்க வேண்டுமென்று யாரும் சிபாரிசு செய்யமாட்டார்கள்.

ஒவ்வொரு தேசத்துச் சாம்பியனும் கலந்துகொண்டு, இரு ஊர்களிலும் ஆடி, தோற்றவர் விலகிக்கொள்ளும்படி அக்காலத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் ஃபாரஸ்ட் 1978-ல் நுழைந்தபோது, முதற்சுற்றிலேயே நடப்புச் சாம்பியனான லிவர்பூல் எதிர்ப்பட்டது, அதை வென்றார்கள். அரையிறுதியில் ஜெர்மனியின் கொலோன் அணி நாட்டிங்ஹாமுக்கே வந்து 3-3 என்று சமன் செய்துவிட்டுப் போயிற்று. எல்லாம் முடிந்தது என்று ஊர் பேசிக்கொண்டிருக்கையில், கொலோன் நகரத்திலேயே 1-0 என்று ஜெயித்துத் திரும்பினார்கள். 1979 மே 30-ல் மியூனிக்கில் இறுதி ஆட்டம். எதிரி, ஸ்வீடனின் மால்மோ. இடைவேளைக்குச் சற்று முன், இடது ஓரத்தில் ராபர்ட்சன் இருவரைக் கடந்து பந்தைத் தூக்கிவிட, தூரத்துக் கம்பத்தருகே ஓடிவந்த ஃபிரான்சிஸ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அடுத்த வருஷம் மாட்ரிட்டில் ஹாம்பர்க் அணிக்கு எதிராக ராபர்ட்சனே கோலடித்தார். மறுபடியும் 1-0, மறுபடியும் கோப்பை. உள்நாட்டு லீகை ஒரே முறையும் ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறையும் வென்ற கிளப் என்ற விசித்திரப் பெருமை ஃபாரஸ்டுக்கு இன்றும் உண்டு.

பிளவும் வீழ்ச்சியும்

இவ்வளவு செய்தவருக்கு இங்கிலாந்து தேச அணியின் மானேஜர் பதவி கிடைக்கவில்லை. 1977-ல் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்துப் பேசிவிட்டு, சாந்தமான ரான் கிரீன்வுட்டை நியமித்தார்கள். வாய்க்கு அஞ்சியே ஒதுக்கினார்கள் என்பது பொதுஜனங்களின் தீர்ப்பு.

1981-ல் பத்து லட்சம் பவுனுக்கு வாங்கப்பட்ட ஜஸ்டின் ஃபாஷானு என்ற கறுப்பு இளைஞரின் விஷயத்தில் கிளஃப் நடந்துகொண்ட விதத்தை அவருடைய அபிமானிகளும் நியாயப்படுத்துவதில்லை. ஃபாஷானு ஆண்களை நேசிப்பவர் என்று கேள்விப்பட்ட மானேஜர் அவரை ஏளனம் செய்தார், விலக்கிவைத்தார், பயிற்சிக்கு வந்தவரைப் போலீஸாரைக் கொண்டு வெளியேற்றவும் செய்தார். 32 லீக் ஆட்டங்களில் 3 கோலுடன் ஃபாஷானு வெளியேறினார். 251 கோல் அடித்தவரின் நிழலில் ஓர் இளம் ஸ்ட்ரைக்கர் கருகினார் என்றால், லீட்ஸில் செய்த பிழையை அவர் மீண்டும் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

1982-ல் ஓய்வுபெறுவதாகச் சொல்லிப் போன டெய்லர், அதே வருஷம் டார்பியின் மானேஜராகத் திரும்பிவந்து, 1983-ல் கிளஃபிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ராபர்ட்சனை வாங்கிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷச் சிநேகம் அத்துடன் முறிந்தது. ஏழு வருஷம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. 1990-ல் டெய்லர் காலமானார். சமாதானம் செய்துகொள்ளாமல் போனதே என்ற வருத்தம் கிளஃபைக் கடைசிவரை விடவில்லை. பின்னர் தம் சுயசரிதையை அந்த நண்பருக்கே சமர்ப்பணம் செய்தார்.

டெய்லர் போன பிறகும் 1989, 1990 இரண்டு வருஷமும் லீக் கோப்பை வந்தது. அயர்லாந்தின் சிறு கிளப்பிலிருந்து ராய் கீன் என்ற இளைஞன் 47,000 பவுனுக்கு வந்து பெரும்புகழ் பெற்றான். ஆனால் ஐரோப்பியச் சிகரம் மறுபடி எட்டவில்லை. மது அவரை உருக்குலைத்தது. 1993-ல் ஃபாரஸ்ட் கடைசி இடத்தில் வந்து கீழே இறங்க, 18 வருஷ உத்தியோகத்திலிருந்து அவர் ஓய்வுபெற்றார். 2003-ல் மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்டது. 2004 செப்டம்பர் 20-ல் புற்றுநோயால் காலமானார். ஜன்மப் பகைவர்களான நாட்டிங்ஹாமையும் டார்பியையும் இணைக்கிற நெடுஞ்சாலைக்கு இப்போது அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். மிடில்ஸ்பரோவிலும் நாட்டிங்ஹாமிலும் தனித்தும், டார்பியில் டெய்லருடன் சேர்ந்தும் சிலையாக நிற்கிறார்.

கிளஃபின் தரத்தை அளக்க விரும்புகிறவர்கள் அவருடைய விலையுயர்ந்த ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, ஜான் மெக்கவர்னைப் பார்க்க வேண்டும். ஹார்ட்டில்பூல்ஸில் 16 வயதுப் பையனாகக் களத்தில் இறக்கப்பட்டவர். ஓடுகிற தோரணையே கோணலாக இருக்கிறதென்று டார்பியில் கூட்டத்தின் கேலிக்கு ஆளானவர். ஸ்காட்லாந்து தேச அணியில் ஒருமுறைகூட இடம் பெறாதவர். வேகமும் இல்லை, அலங்காரமும் இல்லை; ஆனால் பந்தை வாங்கி, தவறில்லாமல் அடுத்தவனுக்குக் கொடுக்கிற நிதானமும், தோற்கிற நேரத்திலும் பந்தை எனக்குக் கொடு என்று கேட்கிற தைரியமும் அவரிடம் இருந்தன. டார்பிக்கும் லீட்ஸுக்கும் நாட்டிங்ஹாமுக்கும் அவரைக் கிளஃப் கூடவே அழைத்துப் போனார், கேப்டனும் ஆக்கினார். 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பையைக் கையில் வாங்கியவர் அந்த மெக்கவர்ன்தான். கோலடிப்பவனை யாரும் கண்டுகொள்வார்கள், அவன் பெயரை எண்ணிக்கையே சொல்லிவிடும். எண்ணிக்கையில் அகப்படாத ஒருவனை அந்தக் கோப்பைகளுக்குப் பல வருஷங்களுக்கு முன்பே கண்டுபிடித்து, இறுதிவரை கைவிடாமல் வைத்திருந்தது அந்தப் பழைய ஸ்ட்ரைக்கரின் 251 கோல்களையும்விடப் பெரிய சாதனை.